அளந்து போட்ட உப்பு

மீன் தொட்டியை அழகுப் பொருளாகக் காண்போர் பலர். சிறைக்கூடமாகக் காண்போர் சிலர். நாம் அதனை ஒரு பொறுப்பு என்று கொள்கிறோம். ஆற்று மீன் நலிவுற்றால், நல்ல நீர் நாடி நகரும். நிழல் தேடிப் பதுங்கும். கண்ணாடிச் சுவருக்குள் வாழும் மீனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அடைத்தவன் மனிதன்! ஆகவே, அதன் புண்ணுக்கு வழி தேட வேண்டியவனும் அவனே.

வெளியூருக்கு மாற்றலாகிச் சென்ற தோழர் ஒருவர், தம் பொன்மீனை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றார். கூரான அலங்காரக் கல்லில் உராய்ந்து, விலாப்புறச் செதில்கள் உதிர்ந்து, புளியங்கொட்டை அளவில் செந்நிறப் புண். வாலின் ஓரமும் கிழிந்திருந்தது. துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு, அடியில் அசைவற்றுக் கிடந்தது அந்தச் சிற்றுயிர்.

செய்தி பரவிற்று, அறிவுரைகள் குவிந்தன! "சில ரூபாய் மீன்தானே, வேறு வாங்கினால் போயிற்று" என்றார் ஒருவர். "நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றுங்கள்" என்றார் மற்றொருவர். பக்கத்து வீட்டு அம்மையாரோ, "கண் பட்டுவிட்டது, தம்பி! ஒரு கை உப்பெடுத்து மூன்று முறை சுற்றிப் போடு" என்றார். பரிவோடுதான் கூறினார், அந்தப் பரிவை நாம் பழிக்கவில்லை.

வேடிக்கை யாதெனில், தோழர்களே, நாமும் உப்பைத்தான் எடுத்தோம்! ஆனால், சுற்றவில்லை, அளந்தோம்.

ஏன் உப்பு? நன்னீர் மீனின் குருதியில் உள்ள உப்பு, அதைச் சூழ்ந்த நீரில் உள்ளதைவிட மிகுதி. எனவே, வெளிநீர் இடைவிடாது அதன் உடலுக்குள் புகுகிறது. சவ்வூடு பரவல் என்பர் இதனை. புகுந்த நீரை மீனின் சிறுநீரகம் ஓயாது வெளியேற்றுகிறது. கசியும் படகில் அமர்ந்தவன் நீரை இறைத்துக் கொட்டுவதுபோல! தோலும் செதிலும் சளிப்படலமும் அப்படகின் பலகைகள். காயமோ, பலகையில் விழுந்த துளை. வெளிநீரில் சிறிது உப்பைக் கரைத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேற்றுமை குறைகிறது. இறைக்கும் உழைப்பும் குறைகிறது. மந்திரம் இல்லை இதில்; கணக்கு இருக்கிறது.

20 லிட்டர் நீர் நிறைந்த தனித் தொட்டியில் மீனை விட்டோம். உலர்ந்த கை பட்டால் சளிப்படலம் சிதையும் என்பதால், நீரோடு சேர்த்துக் கிண்ணத்தில் முகந்தே மாற்றினோம். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 40 கிராம் கல்லுப்பை, ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்த்தோம். 5 லிட்டர் நீரை மாற்றிய நாளில் 10 கிராம் உப்பு. ஆவியாகி வற்றிய நீரை ஈடு செய்தபோது ஒரு கல் உப்பும் இல்லை. நீர்தானே ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லையே!

உப்பினும் பெரிய மருந்து ஒன்று உண்டு. அதுதான் தூய நீர். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியிலோ தேங்கி நஞ்சாகும். வடிகட்டியின் பஞ்சில் குடியேறிய நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆகவே, நம் பழைய தொட்டியின் பஞ்சில் பாதியை வெட்டிப் புதிய தொட்டியில் வைத்தோம். மெத்திலீன் நீலம் எனும் அந்த நீல மருந்து, நன்மை செய்யும் இந்த நுண்ணுயிர்களையும் தாக்கக்கூடியது. ஆதலின் அதனைத் தவிர்த்தோம். குழாய் நீரில் உள்ள குளோரின் செவுளைப் புண்ணாக்கும். சோடியம் தயோசல்பேட் இட்டு அதனை நீக்கிய பின்னரே நீரை ஊற்றினோம். சோதனைக் குழாயில் மருந்துத் துளிகளை விட்டு நாள்தோறும் பார்த்தோம்: நீர் மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை; பச்சை படர்ந்தால் உடனே நீர் மாற்றம்!

முதல் 2 நாள் உணவு தரவில்லை; உணவு குறைந்தால் கழிவும் குறையும். 5-ஆம் நாள், செந்நிறம் வெளிறி, புண்மீது மெல்லிய வெண்படலம். "பூஞ்சை பிடித்துவிட்டது" என்று அஞ்சினர் வீட்டார். பூஞ்சை பஞ்சிழைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். இதுவோ வழுவழுப்பாகப் படிந்திருந்தது. புதிய தோல் அது! 10-ஆம் நாள், வாலின் கிழிந்த ஓரத்தில் கண்ணாடி போன்ற புதுத் துடுப்பு துளிர்த்தது. 21-ஆம் நாள், உணவுக்கு முந்திக்கொண்டு மேலே வந்தது மீன்.

மீனினத்துக்கு இத்தகைய ஆற்றல் உண்டு என்பதற்கு ஆய்வகமே சான்று. நம் நாட்டு நீர்நிலைகளிலும் வாழும் வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை வெட்டி நீக்கிய பின்னும், 2 மாதங்களில் அது மீண்டும் வளர்ந்ததை 2002-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். குணமடையும் ஆற்றல் உயிருக்குள் இருக்கிறது. அதற்குத் தடையாக நிற்கும் நஞ்சை நீக்குவதே நம் பணி.

இனி, வசதியற்ற கேள்வி ஒன்று. நம் மீனைக் காத்தது உப்புதானா? உப்பின்றித் தூய நீர் மட்டுமே அதனைக் காத்திருக்கலாம் அன்றோ? காத்திருக்கலாம்! ஒரு மீன் பிழைத்ததைக் காட்டி, "உப்பே வென்றது" என்று நாம் முரசறைந்தால், சுற்றிப் போட்டவர் அமரும் திண்ணையில்தான் நாமும் அமர்ந்தவராவோம். அவரும் அதைத்தானே சொல்லுகிறார்: "சுற்றினேன், பிழைத்தது" என்று! ஒத்த காயமுற்ற பல மீன்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு உப்பிட்டு, மறு கூற்றுக்கு இடாது, வேறெதிலும் வேற்றுமையின்றி வளர்த்து எண்ணினாலன்றி அவ்வழக்கில் தீர்ப்பில்லை.

பகுத்தறிவு என்பது பிறர் கையிலுள்ள உப்பைக் கண்டு நகைப்பது மட்டுமன்று, தோழர்களே! நம் கையிலுள்ள உப்பையும் நோக்கி, "எதனால்? எவ்வளவு? வேறு காரணம் உண்டா?" என்று கேட்பதே பகுத்தறிவு. அந்த மூன்று கேள்விகளையும் கேட்கத் துணிந்தவனுக்குத்தான், அளக்கும் தராசு பயன்படும்.