அட்வான்ஸைப் பார்த்து விட்ட கடை

திருச்சி தில்லை நகரில் அப்பா கட்டிய மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் கடையை ஒரு ஹோட்டல்காரருக்கு விட்டேன். ஆளையும் தொழிலையும் பார்த்து விட்டதாகத்தான் வீட்டில் சொன்னேன். உண்மையில் நான் பார்த்தது அட்வான்ஸை மட்டும்.

புரோக்கர் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒருவர் பக்கத்துத் தெருவில் பல வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்பதால் இடம் தேடினார். வாடகை 26,000, மூன்று மாத அட்வான்ஸ், அதற்கு மேல் முடியாது என்றார். ஹோட்டல்காரர் 30,000 வாடகையும் பத்து மாத அட்வான்ஸும் தருவதாகச் சொன்னார். பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு நான் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. ஹோட்டல்காரர் முன்பு கடை வைத்திருந்த இடத்தில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். புரோக்கரே முகவரி கொடுத்தார். கெட்ட சேதி ஏதாவது காதில் விழுந்தால் மூன்று லட்சம் போய்விடுமே என்று நான் போகவில்லை.

மாடியில் ஒரு டீச்சர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார். அப்பா காலத்திலிருந்து இருப்பவர். வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை. "கீழே என்ன கடை சார் வருது?" என்று கேட்டார். "சும்மா ஒரு கடைதாம்மா" என்றேன். அடுப்பும் புகைபோக்கியும் வரப்போவது எனக்குத் தெரியும். சொன்னால் மறுப்பார் என்பதும் தெரியும்.

ஒப்பந்தத்தை 20 ரூபாய் முத்திரைத்தாளில், வழக்கமான பதினொரு மாதக் கணக்கில் எழுதினோம். எதற்காக வாடகைக்கு எடுக்கிறார் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று ஒற்றைச் சொல். சமையல் உண்டா, புகையை எந்தப் பக்கம் விடுவது, கழிவு எண்ணெய் எங்கே போகும், மின்சார லோடு போதாவிட்டால் யார் கூட்டி வாங்குவது, உள்வாடகைக்கு விடலாமா, எதுவும் அதில் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதையும் நான் செய்யவில்லை. தகராறு வந்த பிறகு வக்கீல் முதலில் கேட்டது அந்தப் பதிவு எண்ணைத்தான்.

புகைபோக்கியை மாடி ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தார்கள். ஆகஸ்ட் மாத அரசுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வேர்த்து வழிய டைப் அடித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு மெஷின்களின் எழுத்துக் கம்பிகளில் படிந்து, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டீச்சர் மண்ணெண்ணெயும் பழைய துணியுமாக ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கி வந்திருக்கிறேன்.

பிறகு வாடகையும் நின்றது. காலி செய்யச் சொன்னேன். "அட்வான்ஸை எடுத்து வைங்க சார், சாவியைத் தர்றேன்" என்றார். பாக்கி வாடகையைக் கழித்தாலும் பெருந்தொகை மிச்சம். அது அவருடைய பணம். காலி செய்யும்போது எண்ணித் தர வேண்டிய பணம். அதைக் கல்லூரிக்குக் கட்டிவிட்டு என்னுடையது என்று இருந்துவிட்டேன். அட்வான்ஸ் கூடுதலாக இருந்தால் வீட்டுக்காரனுக்குப் பிடி இருக்கும் என்பார்கள். செலவழித்துவிட்டவனுக்கு அந்தப் பிடி அப்படியே எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அவரை வெளியேற்ற முடிந்தது.

அதற்குள் டீச்சர் போய்விட்டார். வாடகை கூடின வேறு இடம், பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள் என்று கேள்வி. கிளம்பும்போதுகூட, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, அந்த ஆள் அப்படி" என்று என்னைத் தேற்றினார். நான் தலையாட்டினேன். அவர் கேட்ட அன்றைக்கே எனக்கு எல்லாம் தெரியும் என்பதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை. இதை அச்சில் பார்ப்பதற்கு முன் அவரிடம் நேரில் சொல்லியாக வேண்டும்.