உருட்டுக்கட்டைக்காரனுக்கு ஒரு வரி

கேப்ஷன் போட்டியில் குகை மனிதன் படம் வந்தால் பலருக்கும் கொண்டாட்டம். கையில் உருட்டுக்கட்டை, இடுப்பில் தோல், பின்னால் புகைகிற எரிமலை. பாதிச் சிரிப்பை ஓவியரே முடித்துக் கொடுத்துவிட்டார், மீதியை நாம் போட்டால் போதும் என்று தோன்றும். என் கணக்கில் இருப்பதிலேயே கஷ்டமான படம் அதுதான். அதனாலேயே பிடித்த படமும்.

நான் எழுதி அனுப்புவது ‘நியூயார்க்கர்’ இதழின் போட்டிக்கு. 2005 முதல் வாராவாரம் நடக்கிறது. வாசகம் இல்லாத ஒரு கார்ட்டூனைப் போடுவார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவியும் வரிகளிலிருந்து மூன்றைப் பொறுக்கி வாசகர் ஓட்டுக்கு விடுவார்கள். சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நூறு தடவைக்கு மேல் அனுப்பிய பிறகு 2011இல்தான் ஜெயித்தார். புலிட்சர் பரிசு வாங்கியவர் பாடே அப்படி என்றால், நியூஜெர்சி ரயிலில் வீடு திரும்பும்போது கிறுக்குகிற நான் எம்மாத்திரம்!

படத்தைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, யார் வாய் திறந்திருக்கிறது என்பதைத்தான். வாய் மூடியிருப்பவன் பேசுவதாக எழுதினால், எவ்வளவு நல்ல வரியானாலும் குப்பைதான். அடுத்து, பேசுகிறவன் முகம். கோபமா, சலிப்பா, விற்பனைக்காரனின் பல்லிளிப்பா? குகை மனிதர்களைத் தாடிக்குள்ளேயே ஒளித்து வரைவதால், புருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

அவனை முட்டாளாக்குவது பெரிய பாவம். ‘நான் பசி, நீ மாமிசம்’ என்று கொச்சையாகப் பேச வைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சிரிப்பு வராது, ஏனென்றால் அங்கே நமக்குத் தெரிந்த ஆள் யாருமில்லை. ஜானி ஹார்ட் 1958இல் ‘பி.சி.’ சித்திரத் தொடரைத் தொடங்கியபோது, தன் நண்பர்களைத்தான் தோல் உடுத்திக் கல்லில் உட்கார வைத்தார். 1960இல் தொலைக்காட்சிக்கு வந்த ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் குடும்பமும் அமெரிக்கப் புறநகர் வீடுதான். வேலைக்குப் போய் முதலாளியிடம் திட்டு வாங்கி வருகிற ஆள், கார் மட்டும் கல்லால் ஆனது.

இந்த வகையில் உச்சம் என்று நான் நினைப்பது கேரி லார்சன் 1982இல் ‘ஃபார் சைட்’ தொடரில் போட்ட படம். குகை மனிதர்களுக்கு ஒரு குகை மனிதன் விரிவுரை நடத்துகிறான். திரையில் ஸ்டெகோசாரஸின் வால் முள்கள். காலமான தாக் சிம்மன்ஸ் என்பவர் நினைவாக அதற்கு ‘தாகோமைசர்’ என்று பெயர் வைத்திருப்பதாகச் சொல்கிறான். அவ்வளவுதான். தாக் எப்படிச் செத்தான் என்பதைப் படமும் சொல்லவில்லை, வரியும் சொல்லவில்லை. நாமே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். பேசுகிறவன் குரலிலோ துளி நையாண்டி இல்லை, கல்லூரி வகுப்பின் அதே வறட்சி. அந்த முள்களுக்கு அதுவரை முறையான பெயரே இல்லாததால், 1993இல் கென் கார்பென்டர் என்ற தொல்லுயிரியலாளர் இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். இன்று விஞ்ஞானிகளும் புழங்குகிறார்கள்.

ஸ்டெகோசாரஸ் செத்துச் சுமார் 15 கோடி ஆண்டு கழித்துத்தான் மனிதன் வந்தான் என்று யாராவது கையைத் தூக்கலாம். தூக்கட்டும். சக்கரமும் அப்படித்தான்: அது வந்து ஏறக்குறைய 5,500 ஆண்டுகள்தான் ஆகின்றன, அப்போது மெசபடோமியாவில் நகரங்களே இருந்தன. கார்ட்டூன் குகையில் நெருப்பு, சக்கரம், டைனோசர் எல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமை நடக்கும். அந்தக் கால மயக்கத்தையே நகைச்சுவையாக்குகிற வரிகள் எனக்கு உவப்பில்லை; அது ஓவியர் ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்வது.

பழகிப் பார்க்க நானே ஒரு படத்தை வைத்துக்கொள்வதுண்டு. ஒருவன் கல் சக்கரத்தைச் செதுக்கி நிறுத்திவிட்டுப் பெருமையாக நிற்கிறான். இன்னொருவன் கைகட்டிப் பார்த்துப் பேசுகிறான். முதலில் மனதில் வருவது பார்க்கிங். அடுத்து இன்ஷூரன்ஸ், பிறகு டிராஃபிக் அபராதம். மூன்றையும் அடித்துவிடுவேன். எனக்கு முதல் நிமிடத்தில் தோன்றியது ஆயிரம் பேருக்கும் தோன்றியிருக்கும். இது ஊகம் இல்லை. 2016 முதல் வந்த வரிகளுக்கு வாசகர்களே ‘சிரிப்பில்லை’, ‘பரவாயில்லை’, ‘சிரிப்பு’ என்று மதிப்பெண் போடுகிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் எழுதிய நிரல், தேறக்கூடிய வரிகளை அதிகம் பேர் கண்ணில் காட்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து மதிப்பெண் போட்டால், ஒரே ஜோக் எத்தனை சட்டை மாற்றி வருகிறது என்பது தெரிந்துவிடும். போட்டியில் கலந்துகொள்பவர்கள் இதைச் செய்யாமல் இருப்பது எனக்குப் புரிவதே இல்லை.

பார்க்கிங் போன பிறகு, கைகட்டி நிற்கிறவனைப் பார்க்க வேண்டும். அவனுக்குச் சக்கரம் பிடிக்கவில்லை. ஆனால் நேராகச் சொல்ல மாட்டான். எந்த அலுவலகத்திலும் இருப்பான் இந்த ஆள். ‘நல்லாத்தான் இருக்கு. ஆனா சதுரம் பிடிச்சவங்களை ஏன் பகைச்சுக்கணும்?’ இது தேறும். ‘நல்லாயிருக்கு. எவ்வளவு ஆச்சு? என் மச்சான்கிட்ட சொல்லியிருந்தா பாதி விலைக்கு முடிச்சிருப்பான்.’ இது இன்னும் பிடிக்கிறது. (அனுப்புவது ஆங்கிலத்தில்தான், மச்சான் இல்லாத மொழி ஏது.)

விகடன் ஜோக்குகளைப் படித்து வளர்ந்தவனுக்கு இங்கே ஒரு கை கட்டப்பட்டிருக்கும். அங்கே ஒருவர் கேட்பார், இன்னொருவர் பதில் போடுவார், இரண்டாவது வரியில் வெடிக்கும். இங்கே ஒற்றை வரி. உரையாடலில் பாதியை விழுங்கிவிட்டு எழுத வேண்டும். ஆகவே மச்சான் வரியிலிருந்து முதலில் ‘எவ்வளவு ஆச்சு’ போகும். விலை என்று பின்னால் வருகிறது, அதுவே போதும். பிறகு ‘சொல்லியிருந்தா’. மிச்சம்: ‘நல்லாயிருக்கு. என் மச்சான் பாதி விலைக்கு முடிச்சிருப்பான்.’ மச்சானுக்குப் பதில் பக்கத்துக் குகைக்காரனைப் போடலாமா என்று ஒரு சபலம் வரும். வேண்டாம், குகைதான் படத்திலேயே இருக்கிறதே.