படகுச் சவாரிக்கு எந்த வண்டி?

வெளிநாடுகளில் குடும்பக் காருக்குப் பின்னால் படகையே கட்டி இழுத்துப் போகிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கல்வராயன் மலையில், கரியாலூர் படகுத் துறையில் படகு தயாராக நிற்கிறது! வண்டி சுமக்க வேண்டியது மாமியார், குழந்தைகள், புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் கூஜா. ஆனாலும் பாரம் பாரம்தானே?

போன கோடையில், வடக்கனந்தல் நாத்தனார் வீட்டிலிருந்து, ஐந்து பேர் காரில் எட்டுப் பேர் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, 1965-ல் கட்டி முடித்த கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலை ஏறினோம். படகில் குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்.

இறங்கும்போதுதான் வந்தது வினை. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்ததில் கருகல் வாடை. பெடல் தொளதொளவென்று உள்ளே போயிற்று. என் மடியில் கைக்குழந்தை! நாத்தனார் கணவர் கியரைக் குறைத்து எப்படியோ ஓரங்கட்டினார். சக்கரம் ஆற அரைமணி காத்திருந்தோம்.

"ஏறின கியர்லயே இறங்கணும்மா. பாரம் ஜாஸ்தியானா பிரேக் சூடேறிப் பிடிக்காது" என்றார் அவ்வழியே வந்த வேன் டிரைவர்.

இந்த வருஷம் வேன்தான் பேசினோம். சகோதரிகளே, வண்டியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். தலைக்கு ஓர் இடம் உண்டா, பிரேக் பார்த்தாயிற்றா, டிரைவர் மலையில் பழகியவரா என்று கேளுங்கள். கைப்பையில் எலுமிச்சம்பழமும் இருக்கட்டும்!