பிரகலாதன் எழுதாத நாட்குறிப்பு

கொல்கத்தாவுக்கு வேதியியல் பயில வந்த நான் வங்க எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகியது, சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷோங்கு கதைகளால்தான். 1961-இல் 'சந்தேஷ்' சிறுவர் இதழில் வந்த முதற்கதை, அவர் செவ்வாய்க்குச் சென்ற நாட்குறிப்பு. உடன் சென்றவர்களுள் ஒருவன் வேலையாள் பிரகலாதன்.

அவனை ஏன் அழைத்துச் சென்றார்? முன்பொரு நாள் பல்லி ஒன்று அமிலக் குப்பியைக் கவிழ்த்தது. அமிலம் ஆபத்தான பொடியை நோக்கி ஓடியது. பேராசிரியர் செயலற்று நின்றார். பிரகலாதன் துண்டால் துடைத்தான். அறிவு குறைந்தவனுக்குத் துணிவு மிகுதி என்று எழுதிவிட்டார் பேராசிரியர். நாட்குறிப்பு அவருடையதன்றோ!

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கில், 1994-இல் ஒரு பகுதி இளநிலை அலுவலர்களையே நாயகராக்கியது. பிரகலாதனுக்கும் அப்படி ஒரு கதை வாய்த்தால்?

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் நைட்ரிக் அமிலக் குப்பியை நான் கவிழ்த்துவிட்டேன். அருகே அசிட்டோன் புட்டி. நான் சிலையானேன். நாங்கள் 'காக்கூ' என்றழைக்கும் முதிய உதவியாளர் முதலில் புட்டியை அகற்றினார். பிறகே சோடாப் பொடியைக் கொட்டினார். அந்த வரிசை அறியாமையில் வருவதன்று, அனுபவத்தில் வருவது.

அன்று என் குறிப்பேட்டில் நான் எழுதியது: "அமிலம் சிந்தியது, அகற்றப்பட்டது." சிந்தியவனும் இல்லை, அகற்றியவரும் இல்லை. அறிவியல் நடை என்று அதற்குப் பெயர்!

நேற்று அவ்வரியைத் திருத்தி, இருவர் பெயரையும் எழுதினேன்.