முப்பதாவது பாடல்

ராக் இசை என்றவுடன் முகம் சுளிக்கும் தமிழாசிரியர் பலர் உளர். செவியைத் துளைக்கும் ஒலிபெருக்கிகளும் பொருள் விளங்காக் கூச்சலுமே அதன் அடையாளம் என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் முற்றிலும் பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயினும், 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் இரவு, கனடா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் அவ்வூர்க் குழு ஒன்று நிகழ்த்திய கடைசிக் கச்சேரியின் கதையைக் கேட்டறிந்தவர், அக்கூச்சலுக்குள்ளும் ஒரு பாணர் மரபு உயிர்த்திருந்ததை மறுக்கமாட்டார்.

ஒண்டாரியோ ஏரியின் நீர் செயிண்ட் லாரன்ஸ் ஆறாய்ப் புறப்படும் முகப்பில் அமைந்த பழைய ஊர் கிங்ஸ்டன். சுண்ணாம்புக்கல் கட்டடங்கள் நிறைந்தது. பல்கலைக்கழகத்தாலும் சிறைச்சாலைகளாலும் பெயர் பெற்றது. அங்கே 1984-ஆம் ஆண்டில் நண்பர்கள் சிலர் கூடி, 'ட்ராஜிக்கலி ஹிப்' என்னும் குழுவை அமைத்தனர். கார்ட் டவுனி பாடினார். ராப் பேக்கர், கார்ட் சின்கிளேர் ஆகியோர் கித்தார் இசைத்தனர். ஜானி ஃபே முரசு முழக்கினார். 1986-இல் பால் லாங்லுவா தம் கித்தாருடன் வந்து சேர்ந்தார். அதன்பின் அந்த ஐவரும் பிரியவேயில்லை. புகழும் பணமும் வந்த மறுநாளே பங்காளிச் சண்டையில் உடைந்துபோகும் குழுக்கள் மலிந்த ஓர் உலகில், ஐவர் முப்பது ஆண்டுகள் ஒரே மேடையில் நின்றார்கள் என்பது சிறிய செய்தியன்று.

அமெரிக்கப் பெருஞ்சந்தை அவர்களை அதிகம் பொருட்படுத்தவில்லை. கனடியரோ நெஞ்சில் வைத்துப் போற்றினர். காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. டவுனி எழுதிய பாடல்களின் பொருளே காரணம். பனிவளைகோற்பந்து வீரர் பில் பரில்கோ 1951-இல் வெற்றிக் கோலை அடித்து டொராண்டோ அணிக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அதே கோடையில் மீன்பிடிக்கச் சிறு விமானத்தில் சென்றவர் மறைந்துபோனார். சிதைந்த விமானமும் அவருடைய உடலும் 1962-இல்தான் கண்டெடுக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வணி ஒருமுறையேனும் கோப்பையைத் தொடவில்லை. இதனை டவுனி ஒரு பாடலாக்கினார். செய்யாத கொலைக்காக இளமை முழுவதையும் சிறையில் தொலைத்த டேவிட் மில்கார்டின் கதை மற்றொரு பாடலாயிற்று. ஏறத்தாழ 23 ஆண்டுகளுக்குப் பின் மில்கார்ட் விடுதலையான 1992-ஆம் ஆண்டிலேயே அப்பாடல் வெளிவந்தது. அவர் குற்றமற்றவர் என்பதை மரபணுச் சோதனை மெய்ப்பித்ததோ 1997-இல். ஊர்ப் பெயர்களும் ஏரிகளும் கோதுமை வயல்களும் சிறைகளும் ராக் இசையின் இரைச்சலினூடே புகுந்து மக்கள் நாவில் ஏறின. பாடநூலில் படித்து மறந்த வரலாற்றைக் கனடிய இளைஞர் பலர் இவர்கள் வழியேதான் மனப்பாடம் செய்தனர் எனலாம்.

2016-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் இடி விழுந்தது. டவுனியின் மூளையில் 'கிளியோபிளாஸ்டோமா' என்னும் குணப்படுத்த இயலாப் புற்றுநோய் தோன்றியிருக்கிறது என்று குழு அறிவித்தது. அறுவை மருத்துவமும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்திருந்தன. அடுத்த வரியிலே, கோடையில் இசைப்பயணம் ஒன்று செல்லப் போவதாகவும் அறிவித்தனர். இது விடைபெறும் பயணம் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நுழைவுச்சீட்டுகள் நிமிடங்களில் தீர்ந்தன. கணினி நிரல்களைக் கொண்டு சீட்டுகளை வாரிக் குவித்தவர்கள் அவற்றைப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். சாகப் போகும் ஒருவரின் கடைசிக் குரலிலும் இலாபம் பார்க்கும் மனிதர் எந்த நாட்டிலும் உண்டு போலும்! மக்கள் கொதித்தெழ, அத்தகைய நிரல்களைத் தடைசெய்யும் சட்டத்தை ஒண்டாரியோ மாநிலம் 2017-இல் இயற்றியது.

மேற்குக் கரையில் விக்டோரியாவில் தொடங்கிய பயணம், பதினைந்தாவது நிகழ்ச்சிக்காகச் சொந்த ஊராம் கிங்ஸ்டனை வந்தடைந்தது. அரங்கின் முன்னுள்ள தெருவுக்கு 2012-ஆம் ஆண்டிலேயே குழுவின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. உள்ளே 6,000 பேருக்கு மேல் அமர்ந்தனர். சீட்டுக் கிடைக்காதவர் 25,000 பேர் அளவில் நகரச் சந்தைச் சதுக்கத்தில் பெருந்திரையின் முன் திரண்டனர். ரியோ ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்த அந்நாளில், கனடிய ஒலி-ஒளிபரப்புக் கழகம் விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, விளம்பரமின்றி முழுக் கச்சேரியையும் நேரடியாக ஒளிபரப்பியது. பூங்காக்களிலும் உணவகங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கண்டும் கேட்டும் இருந்தவர் 1 கோடியே 17 இலட்சம் பேர். அந்நாட்டு மக்களில் மூவரில் ஒருவர்.

டவுனி பளபளக்கும் உலோக நிற உடையும் இறகு செருகிய தொப்பியும் அணிந்து வந்தார். பரந்த மேடை இருந்தும், தொடக்கத்தில் ஐவரும் அதன் நடுவே, பழைய நாளில் சிறு அறையில் பயின்றதுபோல நெருங்கி நின்று வாசித்தனர். முதற்பாடல் பரில்கோவின் பாடல். தாம் எழுதிய சொற்களையே நோய் நினைவிலிருந்து பறித்துவிட்டதால், டவுனியின் காலடியில் திரைகள் வைத்து வரிகளைக் காட்டினர். அத்திரைகளைப் பார்த்தபடியே அவர் ஆடினார், நகைத்தார், கைக்குட்டையை வீசி வீசி நடித்தார். பரிவை வேண்டி நிற்கும் நோயாளியை அன்று எவரும் காணவில்லை. இரவின் பிற்பகுதியில் ஒரு பாடலின் முடிவில் மட்டும் சொற்கள் நின்றுபோக, அவர் வாய்விட்டு அலறினார்; கண்ணீர் வழிந்தது. தோழர்கள் தாளம் தவறாமல் வாசித்துக்கொண்டேயிருந்தனர். அந்நேரத்தில் நண்பர் செய்யக்கூடிய உதவி அது ஒன்றே.

பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ குழுவின் பெயர் பொறித்த சட்டையுடன் கூட்டத்தில் இருந்தார். பாடல்களுக்கிடையே டவுனி அவரைச் சுட்டிப் பேசினார். தம்மைப் பற்றியோ நோயைப் பற்றியோ அல்ல. வடபுலத்தில் வாழும் பூர்வகுடி மக்களின் துயரைப் பற்றி! அங்கு நடப்பதைப் பாராதிருக்கவே கனடியர் வாழ்நாளெல்லாம் பழக்கப்பட்டனர் என்றார். அதைச் சீர்செய்யும் பொறுப்பு இனிப் பிரதமருடையது என்று நாடே பார்த்திருக்கையில் ஒப்படைத்தார். பாராட்டும் கடமையுமாய் அமைந்த அச்சில சொற்களிலிருந்து எந்த அரசியல்வாதியும் எளிதில் நழுவ முடியாது. புரவலன் மறைந்தபின் பாணர் கையற்றுப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உண்டு. கிங்ஸ்டனில் மறையவிருந்தவர் பாணரே. அவரோ அரசனைப் பாடாமல் அரசனிடம் பிறர்க்காக இரந்தார்.

கூட்டம் விடவில்லை. மும்முறை மேடையை விட்டு அகன்ற குழு மும்முறையும் திரும்பி வந்தது. 'அஹெட் பை எ செஞ்சுரி' என்பது முப்பதாவது பாடல். அது முடிந்ததும் ஐவரும் தழுவிக்கொண்டனர். நீண்ட உரையோ பட்டியலிட்ட நன்றியோ இல்லை. கையசைத்துவிட்டு உள்ளே சென்றனர்.

அடுத்த அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலுக்கு வந்த டவுனி, பேட்டி காண்பவரின் பெயர் மறந்துவிடாதிருக்க அதனைத் தம் கையில் எழுதி வைத்திருந்தார். அம்மாதமே, உறைவிடப்பள்ளியிலிருந்து தப்பி ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த வீட்டை நோக்கி நடந்து, 1966-இல் இருப்புப்பாதை ஓரத்தில் இறந்துகிடந்த 12 வயதுப் பூர்வகுடிச் சிறுவன் சானி வென்ஜாக்கைப் பற்றிய அவரது பாடல் தொகுதி வெளிவந்தது. டிசம்பரில் பூர்வகுடித் தலைவர்கள் அவருக்குப் போர்வை போர்த்தி, 'விண்மீன்களிடையே நடப்பவர்' என்னும் பொருள்பட லகோட்டா மொழியில் பெயர் சூட்டினர்.

2017-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் டவுனி காலமானார், அகவை 53. கச்சேரி இரவின் நினைவாகக் கிங்ஸ்டன் சந்தைச் சதுக்கத்தில் ஒரு கல் நிறுவப்பட்டிருந்தது. செய்தி பரவிய அன்று ஊரார் அக்கல்லைச் சுற்றி மலர்களை வைத்துச் சென்றனர்.