விசாகத்தன்று ஏழூர்

திருவையாறு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே தை மாதத்துக்குப் போய்விடுவார்கள். தியாகராஜர் சமாதி, பஞ்சரத்தினக் கீர்த்தனை, பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வித்துவான்கள், தொலைக்காட்சி நேரலை. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது வந்துபோகிறவர்களின் விழா. ஊர்க்காரனுக்குச் சித்திரைதான். சித்திரை விசாகத்தன்று காலையில் ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் ஏறிக் கிளம்புவார். பின்னாலேயே ஊரும் கிளம்பும். பத்திரிகைகளில் சப்தஸ்தானப் பெருவிழா என்று போடுவார்கள். வீட்டில் கேட்பது, "இந்த வருஷம் ஏழூருக்கு வர்றியா, இல்லையா?"

நான் இப்போது இருப்பது பெங்களூரில். இங்கே மாசி பிறந்ததும் தபேபுயா ரோஜா நிறத்தில் பூத்துவிடும். அது கொட்டி முடிவதற்குள் ஜகரண்டா ஊதாவாக ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனங்கள் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கார் கூரையில் விழுந்து கிடக்கும் அந்தப் பூவை யாரும் மடியில் அள்ளிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. சாமிக்கும் போகாது, ரசத்துக்கும் ஆகாது. பூ என்றால் அதனால் ஒரு காரியம் ஆகவேண்டும் என்று நினைக்கிற கிராமத்துப் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் ஊரில் பூக்களுக்கு வரிசை உண்டு. முதலில் இலுப்பை. பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூ விழுவது விடியற்காலையில். இருட்டு பிரியும் முன் போனால் மரத்தடியில் 'தொப் தொப்'பென்று சத்தம் கேட்கும். மேலே வௌவால்கள் போட்ட சண்டையில் விழுந்ததும் கலந்திருக்கும். வெளிர்மஞ்சளாக, சதைப்பற்றோடு, நடுவில் துளையோடு, விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் அளவில் இருக்கும். ஈர்க்குச்சியில் கோத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போடுவோம். முதல் இரண்டு பூ சர்க்கரை. அதற்கு மேல் தின்றால் தொண்டை கமறும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, காலைப் பலகாரம். "வெறும் வயித்துல திங்காதடா, தலையைச் சுத்தும்" என்று அப்பாயி கத்திக்கொண்டே இருக்கும். கத்திக்கொண்டே தானும் நாலு பூவைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும்.

இலுப்பை ஓய்ந்தால் வேம்பு. அப்பாயி பழைய வேட்டியை மரத்தடியில் விரித்துவிட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைக்கும். இரண்டு நாளில் வேட்டி நிறையப் பூ. முறத்தில் புடைத்துக் காம்பு நீக்கிக் காயவைத்தால் ஒரு வருஷத்து ரசத்துக்கு ஆச்சு. வேம்புக்குப் பிறகு புங்கை, பிறகு சரக்கொன்றை. கொன்றை மஞ்சளாய்த் தொங்க ஆரம்பித்தால் தேருக்குக் கயிறு வந்துவிட்டதா என்று விசாரிக்க ஆரம்பிப்போம்.

இந்த ஏழூர் சுற்றலுக்குக் காரணம் ஒரு கல்யாணம். திருவையாற்றில் வளர்ந்த பிள்ளை நந்தி. சிலாத முனிவருக்கு உழுத மண்ணில் கிடைத்தவர், ஐயாறப்பர் தன் பிள்ளையாகவே வளர்த்தார் என்பது கதை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் திருமழபாடியில் பெண் பார்த்து, பங்குனிப் புனர்பூசத்தில் சுயசாம்பிகையோடு கல்யாணம். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். அதனாலேயே மழபாடியில் அன்று கல்யாணமாகாத பையன்களும் பெண்களும் நெருக்கித் தள்ளுவார்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் வருஷம் தவறாமல் போய்ப் பார்த்தார். அவருக்குக் கல்யாணமானது நாற்பதுக்கு மேல்தான். அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை.

கல்யாணத்துக்கு வேண்டியதைச் சுற்றுப்பட்டு ஊர்கள்தான் கொடுத்தனவாம். திருப்பழனத்திலிருந்து பழம், திருச்சோற்றுத்துறையிலிருந்து சாப்பாடு, திருவேதிகுடியிலிருந்து வேதம் ஓதுகிறவர்கள், கண்டியூரிலிருந்து நகை, திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, திருநெய்த்தானம் என்கிற தில்லைஸ்தானத்திலிருந்து நெய். எந்த ஊரிலிருந்து என்ன வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், ஊர்ப் பெயரையே திருப்பிச் சொல்வார்கள், பதில் அதிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு, சாமான் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்த் தலைகாட்டிவிட்டு வரவேண்டாமா? அந்த மரியாதைதான் ஏழூர். அப்பாவும் அம்மாவும் கண்ணாடிப் பல்லக்கில், புதுமணத் தம்பதி வெட்டிவேர்ப் பல்லக்கில். எந்தப் புராணக் கதையும் இவ்வளவு சம்சாரிக் கதையாக எனக்குப் பட்டதில்லை.

முதலில் பழனம். அங்கிருந்து காவிரியில் இறங்கித் தென்கரைக்குப் போகவேண்டும். மேட்டூரை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பதால் சித்திரையில் ஆறு முழுக்க மணல்தான். அந்த மணலில் பல்லக்கு இறங்குகிற காட்சிக்காகக் கரையில் முன்கூட்டியே இடம் பிடித்து நிற்பார்கள். கரைச் சரிவில் முன்தண்டுக்காரர்கள் குனிய, பின்தண்டுக்காரர்கள் கைகளால் உயரத் தூக்க, கண்ணாடிச் சில்லுகள் அத்தனையிலும் காலை வெயில் அடித்துத் தென்னைமட்டைகளில் புள்ளி புள்ளியாக ஓடும். தவில்காரர் மணலில் கால் புதைந்தும் வாசிப்பை விடமாட்டார். ஆற்றுக்கு நடுவில் யாராவது ஊற்றுத் தோண்டி வைத்திருப்பார்கள். முழங்கை ஆழக் குழி. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடித்தால், அந்தத் தண்ணீருக்கு லேசாக ஒரு இனிப்பு உண்டு.

சோற்றுத்துறையில் சாமிக்கே ஓதனவனேஸ்வரர் என்று பெயர். ஓதனம் என்றால் சோறு. அந்த ஊர் எல்லையில் ஒருவன் பசியோடு போனால் ஊருக்கே அவமானம் என்பதுபோல் கூப்பிட்டுக் கூப்பிட்டு இலை போடுவார்கள். ஆனாலும் அப்பாயி வீட்டிலிருந்து கட்டுச்சோறு கட்டாமல் கிளம்பாது. வாட்டிய வாழையிலையில் புளிச்சாதம், ஒரு துண்டு நார்த்தங்காய். இரண்டையும் தின்றுவிட்டு, வேதிகுடி போகிற வழியில் நீர்மோரையும் பானகத்தையும் வேறு வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் குடித்துவிட்டு நடப்போம். கண்டியூர் வருவதற்குள் தார்ரோடு காலைப் பொத்துவிடும். புங்கமர நிழல் எங்கே விழுகிறதோ அங்கே கூட்டம் ஒடுங்கி நடக்கும். உதிர்ந்த புங்கம்பூ உள்ளங்காலுக்குப் பட்டுப்போல் இருக்கும்.

ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ச் சாமியும் தன் பல்லக்கில் வந்து சேர்ந்துகொள்ளும். போகப் போகக் கூட்டமும் பெருகும், மேளமும் பெருகும். பூந்துருத்திக்கு வரும்போது இருட்டிவிடும். சம்பந்தர் ஏறிவந்த சிவிகையை, யாருக்கும் தெரியாமல் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அப்பர் தோள்கொடுத்துத் தூக்கியதாகப் பெரியபுராணம் சொல்வது இந்தப் பூந்துருத்தி எல்லையில்தான். எங்கள் தெருவிலிருந்து பல்லக்குத் தூக்கப் போகிற பெரியப்பா ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். அப்பர் கதையைப் பூந்துருத்தியில் கால் வைத்ததும் தவறாமல் எனக்குச் சொல்வார், நான் முன்பு கேட்டதே இல்லை என்பதுபோல. சொல்லும்போது வலது தோளைத் தடவிக்கொள்வார். கழுத்தை ஒட்டி ஒரு காய்ப்பு, எலுமிச்சங்காய் அளவுக்கு. தொட்டுப் பார்க்கக் கொடுப்பார். கல் மாதிரி இருக்கும். "வலிக்கலயா பெரியப்பா?" என்றால், "தூக்குறப்ப தெரியாது தம்பி, எறக்கி வச்சப்பறந்தான்" என்பார்.

இரவில் மறுபடியும் காவிரி. மணல் மேலே ஆறிப்போயிருக்கும். காலை அழுத்தினால் உள்ளே பகல் வெயில் மிச்சமிருக்கும். பல்லக்குகள் ஆற்றுக்குள் வரிசைகட்டி நிற்க, தில்லைஸ்தானத்துப் பக்கம் வாணம் விடுவார்கள். மணலில் மல்லாந்து படுத்துப் பார்த்த வாணவேடிக்கைக்குப் பிறகு எந்த ஊர்த் தீபாவளியும் எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது.

மறுநாள் ஏழு பல்லக்கும் திருவையாற்றுத் தேரடியில் கூடும். அங்கேதான் பொம்மை பூப்போடும். உயரத்தில் ஒரு பொம்மை. சாமிகள் வந்து நின்றதும் அது பூவைத் தூவும். ஆனை, குதிரை, யாளி என்று எத்தனையோ வாகனம் பார்த்த ஊர், இந்த ஒரு பொம்மைக்காகக் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். பெரியவர்கள் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, நான் பொம்மையை ஆட்டுகிற ஆள் எங்கே மறைந்து நிற்கிறார் என்று தேடிக்கொண்டிருப்பேன். மேலே விழுந்த பூவை அப்பாயி முந்தானையில் முடிந்து கொண்டுவந்து அரிசிப் பானைக்குள் போடும். வரும் வழியில் அசோகா வாங்கிக் கொடுப்பார்கள். சூடாக, வாழையிலைத் துண்டில், விரலெல்லாம் நெய்.

2020-இல் தொற்றுக்காகக் கோயில்களைப் பூட்டியபோது பல்லக்கு கிளம்பவில்லை. அந்த வருஷம் ஊரில் இருந்திருந்தாலும் ஒன்றும் பார்த்திருக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. தொற்று ஓய்ந்த பிறகு அந்த ஆறுதலும் இல்லை. விசாகம் ஒருநாளும் சனி, ஞாயிறு பார்த்து வருவதில்லை. அலுவலகத்தில் நட்சத்திரத்துக்கு லீவு கேட்டால் மேலதிகாரி ஒரு மாதிரி பார்க்கிறார்.

ஆறும் அப்படியே இல்லை. மணல் அள்ளிய இடங்களில் களிமண் தலைநீட்டுகிறது, பள்ளங்களில் கருவேல் முளைத்திருக்கிறது. சிரட்டையால் மொள்ள ஊற்று எங்கே தோண்டுவது? அண்ணன் பிள்ளைகள் பைக்கில் ஏழு கோயிலையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்களாம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, நான் அதுவும் செய்வதில்லையே. ஆனால் ஏழு கோயிலும் எந்த மாதமும் அங்கேயேதான் இருக்கப் போகின்றன. சித்திரையில் மட்டும் கிடைப்பது கோயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் கிடக்கிற வழி.

போன வாரம் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன், நாற்பதுக்கு மேல் கல்யாணமானவருக்குத்தான். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்த முறை வரலாமென்று இருக்கிறேன் என்றேன். இப்படிச் சொல்வதை அவர் நிறையக் கேட்டிருக்கிறார்.

"வா. முழுசும் நடக்க முடியலன்னா கண்டியூர்ல வந்து சேந்துக்க. அங்கேர்ந்து நான் வர்றேன்."

"உங்களால முடியுமா?"

"என்னைப் பத்தி ஒனக்கென்ன? நீ நல்ல செருப்பு போட்டுக்கிட்டு வராத, அதைச் சொல்லு. பூந்துருத்தி கோயில் வாசல்ல போன வருஷமே ஒரு சோடி போச்சு."