முழங்காலும் மீட்டர் கேஜும்

ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர்களிடம், "ரயில் விட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆனால் நான் சொல்வது நிஜம். மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில் புறப்பட்டு, முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி கிணற்றடிக்கே வந்து சேரும் 28 மீட்டர் நீள ரயில் பாதை ஒன்று இருக்கிறது. அது இன்று இடுப்பு உயரத்தில் இருப்பதற்குக் காரணம் என் முழங்கால். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சர்வீஸில் 37 வருஷம் இருந்தும் நான் ஒரு நாள்கூட எஞ்சின் ஓட்டியதில்லை. ரயில் ஓடும் பாதையைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தவன். 'பெர்மனன்ட் வே' என்று அதற்குப் பெயர். நிரந்தரப் பாதை! பெயர்தான் நிரந்தரம். நான் பார்த்த மீட்டர் கேஜ் பாதைகள் இன்று இல்லை. 1992-ல் எல்லாவற்றையும் அகலப்பாதையாக்கும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்து, எங்கள் விழுப்புரம் - மயிலாடுதுறைப் பாதையும் 2010-ல் அகலப்பாதையாகத் திறந்தது. நானும் அந்த வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். தமிழ்நாட்டில் இன்னும் மீட்டர் கேஜைப் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயிலில்தான் ஏற வேண்டும். அகலப்பாதை வந்தது நல்லதுதான், வண்டிகள் வேகமாகப் போகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்பதில்லை.

2012-ல் ஜெர்மனியிலிருந்து வந்த மாப்பிள்ளை, பேரனுக்கு ஒரு ரயில் செட் வாங்கி வந்தார். எல்.ஜி.பி. என்று அங்கே பிரபலமான பொம்மை ரயில். 1968-லிருந்து தோட்டத்தில் வைத்து ஓட்டுவதற்கென்றே செய்கிறார்கள். பேரன் இரண்டு நாள் விளையாடிவிட்டுக் கிரிக்கெட் மட்டையைத் தேடிப் போய்விட்டான். பழக்க தோஷம், நான் டேப்பை எடுத்துத் தண்டவாள இடைவெளியை அளந்தேன். 45 மில்லிமீட்டர். வண்டியின் அளவு 1-க்கு 22.5 என்று போட்டிருந்தது. பெருக்கினால் 1,012 மில்லிமீட்டர் வருகிறது. நம்ம மீட்டர் கேஜேதான்! ஐரோப்பாவின் மலைப் பக்கங்களில் ஓடும் மீட்டர் கேஜ் வண்டிகளை மனதில் வைத்துச் செய்ததாம். அன்று சாயங்காலமே கொல்லையில் கயிறு கட்டி அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

பொம்மைதானே என்று நினைக்காதீர்கள் நண்பர்களே. வெயிலும் மழையும் பொம்மை, நிஜம் என்று பார்ப்பதில்லை. இந்தத் தண்டவாளம் பித்தளையில் செய்தது. பித்தளை இரும்பைவிட அதிகம் நீளும். 6 மீட்டர் நேர்பாதையில், விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தில் 4 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதற்கு இடம் விடாவிட்டால் பாதை பாம்பு மாதிரி நெளியும். ஆகவே ஒவ்வொரு ஜாயின்டிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். பாதையை எங்கேயும் ஆணி அடித்து இறுக்கவில்லை. ஜல்லியில் மிதக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். பெரிய பாதையில் சித்திரை வெயிலில் ரோந்து போனதெல்லாம் இதற்காகத்தானே.

ஜல்லியிலும் விஷயம் இருக்கிறது. ஆற்று மணலைப் போட்டால் ஒரே மழையில் கரைந்து ஓடிவிடும். அதன் துகள் உருண்டை. ஒன்றை ஒன்று பிடிக்காது. கிரஷரில் உடைத்த சன்னப் பொடியில் ஒவ்வொரு துகளுக்கும் மூலை இருக்கும். நன்றாகக் கெட்டித்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாதையை அசையாமல் பிடிக்கும். பெரிய ரயிலுக்கு உடைத்த கருங்கல் ஜல்லி போடுவதும் இதே காரணத்தால்தான்.

முதல் சில வருஷம் மின்சாரத்தைத் தண்டவாளத்திலேயே பாய்ச்சினேன். பித்தளை கறுத்துவிட்டால் வண்டி நின்றுவிடும். தினமும் தேய்க்க வேண்டும். ஐப்பசியில் நத்தைகள் வேறு. சக்கரத்தில் மாட்டினால் எஞ்சின் வழுக்கி அதே இடத்தில் சுற்றும். பிறகு எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வேகனைச் சேர்த்து, அதற்குள் 3.7 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்தை வரிசையாக இணைத்து வைத்தேன். கையில் ஒரு ரேடியோ கண்ட்ரோல். தேய்க்கும் வேலை விட்டது. நத்தையை மட்டும் இன்றும் கையால்தான் எடுத்து வாழையடியில் விட வேண்டும்.

இப்படிப் பத்து வருஷம் ஓடியது. அப்போது பாதை தரையில்தான் இருந்தது. காலையில் காபி குடித்துவிட்டு, கீமேன் மாதிரி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை குனிந்து பார்த்துக்கொண்டே போவேன். பிறகு முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் ஐப்பசி மழையில் பாதை முழுகியது. எங்கள் பக்கம் களிமண், தண்ணீர் லேசில் வடியாது. வழக்கமாகத் தை மாதம் எல்லாவற்றையும் எடுத்துக் கழுவிப் போடுவேன். அந்தத் தையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதையின் மேல் கோரை முளைத்தது.

ஊரிலிருந்து வந்த மகன், "போதும்ப்பா. பெட்டியில போட்டுப் பரண்ல வெச்சிடலாம்" என்றான். அவன் அக்கறையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவை என் பாதையைப் பெயர்த்தது போதாதா என்று இருந்தது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

வழி சொன்னது என் மனைவி. "ஏங்க, உங்களால குனிய முடியலேன்னா தண்டவாளத்த மேல தூக்குங்களேன். எனக்கும்தான் குனிஞ்சு களை பிடுங்க முடியல. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கலாம்" என்றாள்.

கொத்தனாரைக் கூப்பிட்டோம். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஹாலோ பிளாக்கில் இரண்டு சுவர்கள், 75 சென்டிமீட்டர் உயரம். அடியில் கல், மேலே மண், தண்ணீர் வடிய இரண்டடிக்கு ஒரு துவாரம். செலவைப் பார்த்து 36 மீட்டர் பாதையை 28-ஆகக் குறைத்தோம். செம்பருத்திக்குப் பின்னால் மறைந்து வெளிவரும் அழகான வளைவு போய்விட்டது. ஆனால் முருங்கையடியில் திருப்பத்தை 60 சென்டிமீட்டர் ஆரத்திலிருந்து 120 ஆக்கினோம். நிஜ மீட்டர் கேஜ் பெட்டி பத்தொன்பதரை மீட்டர் நீளம். அளவு மாறாமல் செய்தால் 87 சென்டிமீட்டர் வரும். பி.வி.சி. ஷீட்டில் அதை 55-ஆகச் சுருக்கிச் செய்து செங்காவி பெயின்ட் அடித்தேன். புதுத் திருப்பத்தில் தடம் புரளாமல் போகிறது.

பாதையின் இரு பக்கமும் மனைவியின் ராஜ்ஜியம். மேசை ரோஜா, துளசி, கீரைப் பாத்தி. ஒரே ஒரு ஒப்பந்தம்: செடி தண்டவாளத்தைத் தொட்டால் நான் வெட்டலாம், ஜல்லி பாத்திக்குள் விழுந்தால் நான்தான் பொறுக்க வேண்டும்.

வேலை முடிகிற சமயத்தில், என்னோடு வேலை பார்த்த பழைய கேங் மேட் ஒருவர் சைக்கிளில் வந்தார். வயது எழுபத்தெட்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் மட்டத்துக்குக் குனிந்து நேராகப் பார்த்தார். "ஐயா, மூணாவது ஜாயின்ட் தாழ்ந்து கிடக்கு" என்றார். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தாழ்ந்துதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்த பேனா மூடியால் ஜல்லியை அடியில் தள்ளித் தள்ளி அவரே கெட்டித்தார். அவருடைய முதல் கேங் தரங்கம்பாடிக் கிளைப் பாதையில். அந்தக் கிளையை 1986-ல் மூடிவிட்டார்கள். "ஸ்டேஷனுக்கு என்ன பேர் ஐயா வெக்கப் போறீங்க?" என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'பொறையாறு' என்று எழுதினோம். அந்தக் கிளையில் இருந்த ஸ்டேஷன் அது. அவர் அந்தப் பலகையை விரலால் தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தார்.

இப்போது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். நான் நின்றுகொண்டே ஜாயின்ட் பார்க்கிறேன். அவர் மட்டம் பார்க்கிறார். மனைவி கீரை கிள்ளுகிறாள். வண்டி மூன்று சுற்றுக்கு ஒரு தரம் பொறையாற்றில் நின்று புறப்படும்.

நம் வயதில் பிள்ளைகள், டாக்டர், முழங்கால் எல்லோரும் சேர்ந்து "விட்டுவிடு" என்று சொல்லும் காரியம் எல்லோருக்கும் ஒன்று இருக்கும். கோலமோ, தையல் மிஷினோ, மிருதங்கமோ. பரணில் ஏற்றும் முன் அதைக் கொஞ்சம் உயரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு தடவை பாருங்கள். கொத்தனார் கூலி கொஞ்சம் ஆகும். பரவாயில்லை.

அடுத்த வேலை பொறையாற்றில் ஒரு லூப் லைன். அதற்கு ஒரு அடி இடம் வேண்டும். கீரைப் பாத்தி நிர்வாகத்திடம் மனு போட்டிருக்கிறேன். இன்னும் உத்தரவு வரவில்லை.